வாவிக்கரையும் வயலும் அடுப்பும்: காற்றிற் சேரும் காபனைக் குறைக்கும் வழிகள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடையே மணற்பாங்கான எழுவான்கரை கிடக்கின்றது. அங்கே மரக்கறித் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் உள்ளன. மேற்கே படுவான்கரை, அது நெல் விளையும் பூமி. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நீர் படுவான்கரை வட்டைகளிற் பாய்ந்து, வயல்களை நனைத்து, வடிந்து, ஈற்றில் வாவியைச் சேர்கின்றது. குளமும் வயலும் வாவியும் ஒரே நீரினாற் பிணைக்கப்பட்டவை. ஆதலின் ஓரிடத்திற் செய்யும் காரியத்தின் பயன் மற்றோரிடத்தில் வந்து தோன்றும்.

இப்பகுதிக் கமக்காரர் வடகீழ்ப் பருவமழையை நம்பி மாரிப் போகத்தையும், குளத்து நீரை நம்பிக் கோடைப் போகத்தையும் செய்து வருகின்றனர். மழை காலந்தவறிப் பெய்வதும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுவதும் அவர்கள் கண்கூடாகக் காணும் செய்திகள். 2011 ஆம் ஆண்டு சனவரி, பெப்ரவரி மாதங்களிற் பெய்த பெருமழையால், வெட்டுக்கு நின்ற வேளாண்மையிற் பெரும்பகுதி நீரில் மூழ்கி அழிந்தது. இன்னொரு புறம், 1900 ஆம் ஆண்டின் பின்னர் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 8 அங்குலம் உயர்ந்துள்ளது. கடல் உயர்ந்தால் வாவியும் உயரும். வாவியோரத்துத் தாழ்ந்த வயல்களுக்கும் தோட்டக் கிணறுகளுக்கும் உவர் ஏறும் அபாயம் அதனால் மிகும்.

ஒரு குறித்த வெள்ளத்தை இன்ன காரணத்தால் வந்ததென்று தனியே பிரித்துக் கூறுதல் எளிதன்று. ஆயினும் பூமி சூடேறி வருகின்றது என்பதும், சூடேறிய காற்று அதிக நீராவியைத் தாங்கிப் பெருமழையாகப் பொழிகின்றது என்பதும் ஐயமற நிறுவப்பட்டவை. இச்சூட்டிற்குக் காரணமான வாயுக்கள் எங்கிருந்து எழுகின்றன, அவற்றுள் எவை கமக்காரரின் கையில் உள்ளன, அவற்றைக் குறைப்பதால் அவருக்கே கிடைக்கும் இலாபம் யாது என்பன இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

காபன் எங்கே தங்குகின்றது?

மரம், புல், வைக்கோல், விறகு, நெல் ஆகிய யாவற்றிலும் காபன் உண்டு. பயிர் வளரும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இலைகள் உட்கொண்டு, காபனைத் தண்டாகவும் வேராகவும் மணியாகவும் ஆக்குகின்றன. பயிர் எரிந்தாலோ உக்கினாலோ அக்காபன் மீண்டும் காற்றிற் கலக்கின்றது. இக்கொடுக்கல் வாங்கல் சமமாக நடந்தவரையில் தீங்கில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் தோண்டி எரிக்கத் தொடங்கிய பின்னரும், காடுகளையும் சதுப்புகளையும் அழிக்கத் தொடங்கிய பின்னரும் அச்சமநிலை குலைந்தது. தொழிற்சாலைகள் பெருகுமுன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

வேறு இரு வாயுக்களையும் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். நீர் கட்டிய வயலின் சேற்றிலிருந்து எழுவது மெதேன். அது நூறாண்டுக் கணக்கில், நிறைக்கு நிறை காபனீரொட்சைட்டிலும் ஏறத்தாழ 27 மடங்கு சூட்டை உண்டாக்க வல்லது. வீணாகும் நைதரசன் பசளையிலிருந்து எழுவது நைதரசு ஒட்சைட்டு; அதன் வலிமை ஏறத்தாழ 273 மடங்கு.

சேற்றிற் புதைந்த செல்வம்

நீர் தேங்கிய இடத்திற் காற்று மண்ணுட் புகாது. காற்றுப் புகாத இடத்தில் விழுந்த இலையும் வேரும் முற்றாக உக்குவதில்லை. அவை ஆண்டாண்டாகப் படிந்து கரிய சேறாகத் திரளும். இவ்வாறு திரண்ட நிலத்தை முற்றா நிலக்கரி நிலம் என்பர். உலகத் தரைப்பரப்பில் இத்தகைய நிலம் நூற்றுக்கு 3 பங்களவே. எனினும் உலகக் காடுகளின் மரங்கள் யாவற்றிலும் உள்ளதைவிட அதிக காபன் இதனுட் புதைந்துள்ளது.

இலங்கையில் இதற்குச் சிறந்த உதாரணம் நீர்கொழும்பு வாவிக்கும் களனி கங்கைக்கும் இடையே உள்ள முத்துராஜவெல. "வெல" எனும் சிங்களச் சொல்லுக்கு வயல் என்பது பொருள். முற்காலத்தில் நெல் விளைந்த அந்நிலத்தில், அந்நியர் ஆட்சிக் காலங்களில் வெட்டப்பட்ட கால்வாய்களின் வழியே உவர்நீர் நுழைந்தது, நெற்செய்கை கைவிடப்பட்டது. இன்று அது சதுப்பாக உள்ளது; அதன் ஒரு பகுதி 1996 ஆம் ஆண்டிற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. நீரோட்டத்தை அறியாது மண்வெட்டியை எடுத்தால் விளையும் கேட்டிற்கு அது ஒரு பாடம்.

அதனினும் பெரிய பாடம் இந்தோனேசியாவில் நிகழ்ந்தது. 1990களின் நடுப்பகுதியில் அந்நாட்டு அரசு போர்ணியோத் தீவின் நடுப்பாகத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் எக்டேயர் சதுப்பை வடித்து நெல்வயலாக்க முற்பட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்திற்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. நீர் வடிந்ததும் நிலம் தாழ்ந்தது, புளித்தது, காய்ந்தது. நெல் விளையவில்லை. சில ஆண்டுகளிலே திட்டம் கைவிடப்பட்டது. காய்ந்த சேறு 1997 இலும் 2015 இலும் தீப்பற்றி மாதக்கணக்கில் எரிந்தது. அதன் புகை மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூடியது. பல்லாயிரம் ஆண்டுகளிற் சேர்ந்த காபன் சில வாரங்களிற் காற்றோடு போயிற்று.

மட்டக்களப்பு வாவியோரத்தில் இவ்வேலையைச் செய்வன கண்டற்காடுகள். கண்டல், கண்ணா, தில்லை முதலிய மரங்களின் வேர்கள் வண்டலைத் தடுத்து நிறுத்துகின்றன. உதிர்ந்த இலைகளும் மடிந்த வேர்களும் உவர்ச்சேற்றில் உக்காது தங்குகின்றன. இந்து சமுத்திர, பசுபிக் சமுத்திர வட்டாரங்களில் 25 கண்டற்காடுகளை ஆராய்ந்து 2011 இல் வெளியிடப்பட்ட கணக்கின்படி, எக்டேயருக்குச் சராசரி ஏறத்தாழ 1,000 தொன் காபன் அங்கே உண்டு. அதிற் பெரும்பகுதி மரத்தில் அன்றி மண்ணிலே இருந்தது. வாவியோரத்தின் ஒடுங்கிய கண்டற்பட்டியில் இவ்வளவு இருக்குமெனக் கொள்ளலாகாது. ஆயினும் மரத்தை வெட்டுபவர் காண்பது விறகை மாத்திரமே. காணாது இழப்பது மண்ணிலுள்ளதை.

கரையை வெட்டிச் சேர்க்கும் காணி

போர்க்காலத்திற் பாதுகாப்பின் பேராலும், பின்னர் இறாற் பண்ணைகளுக்காகவும், விறகுக்காகவும், காணி நிரப்புவதற்காகவும் வாவியோரக் கண்டல்கள் பல இடங்களில் அழிந்தன. வயலை வாவிப்பக்கம் சிறிது நீட்டிக்கொள்ளும் எண்ணமும் சிலருக்கு எழுவதுண்டு. இது நட்டத்திலே முடியும் முயற்சி என்பதைக் கமக்காரர் உணர்தல் வேண்டும்.

கண்டற்சேற்றிற் பொதுவாகக் கந்தகமும் இரும்பும் சேர்ந்த ஒரு கனிப்பொருள் உண்டு. நீருக்கடியில் அது தீங்கு செய்யாது. நீரை வடித்துக் காற்றுப்பட விட்டால் அது கந்தக அமிலமாக மாறும். முதற் போகம் ஓரளவு விளையக்கூடும். அடுத்த போகங்களில் மண் புளித்து, நெல்லின் வேர் கருகி, பயிர் குன்றும். புதிதாகக் கிளறிய சேற்றில் அழுகிய முட்டையின் மணம் வீசுதல், காய்ந்த கட்டிகளில் வைக்கோல் நிறமான மஞ்சட் புள்ளிகள் தோன்றுதல், வாய்க்கால் நீரிற் செங்காவி நிறப் படை மிதத்தல் ஆகியன இத்தகைய மண்ணின் அடையாளங்கள். இவற்றைக் கண்டால் அந்நிலத்தை வடிக்காது விடுவதே அறிவுடைமை. மேலும், கண்டல் நின்ற கரை அலைக்குக் கரையாது; அது போனபின் வரம்பு உடைந்து உவர்நீர் பழைய வயலுக்கும் வரும். அரை ஏக்கரைச் சேர்க்கப் போய் இரண்டு ஏக்கரைக் கெடுத்த கதையாகும்.

கண்டலை மீட்டல்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி கடல்கோளின் பின்னர், கரையோரமெங்கும் கண்டல் நடும் ஆர்வம் எழுந்தது. ஆர்வம் மிகுந்த அளவிற்குப் பயன் கிடைக்கவில்லை. இலங்கையின் 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, ஆயிரம் எக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் நட்டவற்றுள் ஏறத்தாழ 200 எக்டேயர் அளவே தேறியது. 9 இடங்களில் ஒரு கன்றும் எஞ்சவில்லை. காரணங்கள் கமக்காரருக்கு எளிதில் விளங்குவன. நிலத்தின் மேடு பள்ளம் பாராது நட்டனர், எவ்விடத்திற்கும் ஒரே இனக் கண்டலையே தெரிந்தனர், நட்டபின் பராமரிக்கவில்லை. நெல்லை மேட்டிலும் மிளகாயைப் பள்ளத்திலும் நட்டால் யாது விளையுமோ அதுவே அங்கும் விளைந்தது.

2015 ஆம் ஆண்டில் இலங்கை தன் கண்டற்காடுகள் யாவற்றையும் பாதுகாக்கும் திட்டத்தை அறிவித்தது. பின்னர் தொடர்ந்த மீட்பு முயற்சிகளை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் தாபனம் உலகின் முன்மாதிரி முயற்சிகளுள் ஒன்றாக ஏற்றது. 2030 இற்குள் 10,000 எக்டேயரை மீட்பது அதன் நோக்கம். இம்முயற்சியிற் கன்று நடுவதற்கு முன் மண்ணும் நீரும் ஆராயப்படுதல் குறிப்பிடத்தக்கது.

வாவியோரக் கிராமங்கள் தம் அளவிற் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, எஞ்சிய கண்டலை வெட்டாதிருத்தல். இரண்டாவது, மண்மேட்டாலோ குப்பையாலோ அடைபட்ட நீர்வழிகளை, உரிய திணைக்களத்தின் அனுமதியுடன், திறந்துவிடல். நீர் ஏறி இறங்கும் இடத்தில் விதைகள் தாமே வந்து முளைக்கும். மூன்றாவது, முளைத்த கன்றுகளை மாடும் ஆடும் மேயாது சில ஆண்டுகள் காத்தல். நடுவதாயின், அருகில் இயற்கையாக நிற்கும் இனம் எதுவோ, அது நிற்கும் உயரம் எதுவோ, அவ்வினத்தை அவ்வுயரத்திலே நடுதல் வேண்டும்.

வயலிற் சேறு எப்போதும் வேண்டுமோ?

வாவிக்கரைச் சேறு நீருள் இருப்பதே நன்று. வயற்சேற்றின் நிலை வேறு. வயலில் ஆண்டுதோறும் புதிய வைக்கோலும் வேரும் விழுகின்றன. நீர் இடைவிடாது நின்றால் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு மெதேனை வெளிவிடுகின்றன. நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகள் வழியே அது மேலெழுகின்றது. வயல் இடையிடையே காயும்போது மண்ணுட் காற்றுப் புகுந்து அந்நுண்ணுயிர்களின் செயலை அடக்கும்.

நெல்லுக்கு எந்நேரமும் நீர் நிற்க வேண்டும் என்பது பழைய கொள்கை. வேர்ப்பாகத்தில் ஈரம் இருந்தாற் போதும் என்பதைப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வயல்களிற் செய்து காட்டியுள்ளது. மாறி மாறி நனைத்துக் காயவிடும் இம்முறையால் நீர்ப்பாய்ச்சல் நூற்றுக்கு 30 வரை குறையலாம். காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் 2019 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, போகத்தில் ஒருமுறை வயலைக் காயவிட்டால் மெதேன் ஏறத்தாழ நூற்றுக்கு 29 உம், பலமுறை காயவிட்டால் நூற்றுக்கு 45 உம் குறையும்.

இதற்கு வேண்டிய கருவி ஒரு குழாய் மாத்திரமே. அதன் முறை வருமாறு:

ஓரடி நீளமும் 4 முதல் 6 அங்குல விட்டமும் உள்ள பிளாத்திக்குக் குழாயை அல்லது மூங்கிற் குழாயை எடுத்து, கீழ்ப்பாகத்திற் சுற்றிலும் துளைகள் இடுக. துளையுள்ள பாகம் மண்ணுள் இருக்குமாறு 6 முதல் 8 அங்குலம் வரை இறக்கி, உள்ளேயுள்ள மண்ணை அகற்றுக. இப்போது வயலின் நிலத்தடி நீர்மட்டம் குழாயினுள்ளே தெரியும். வரம்புக்கு அண்மையில், எளிதிற் பார்க்கத்தக்க சமதரையில் இதனை நாட்டுதல் நன்று.

விதைத்த மூன்று வாரங்கள் வரை வழக்கம்போல் நீர் கட்டிக் களையை அடக்குக. களை மிகுந்த வயலில் இன்னும் ஓரிரு வாரம் பொறுத்தல் நலம். பின்னர் நீரை வற்றவிடுக. குழாயினுள் நீர் தரைமட்டத்திற்கு 6 அங்குலம் கீழே இறங்கியதும், வயலில் 2 அங்குலம் நிற்குமாறு மீண்டும் பாய்ச்சுக. இவ்வாறே தொடர்க. பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்தபின் ஒரு வாரம் வரை வயலைக் காயவிடலாகாது; அக்காலத்து வாட்டம் பதரைப் பெருக்கும்.

யூரியாவை ஆழ்ந்த நீரில் வீசினால் அதிற் பெரும்பங்கு காற்றிலும் வடிநீரிலும் போய்விடும். வயல் வற்றியிருக்கும் வேளையில் இட்டு உடனே நீர் பாய்ச்சினால் அது மண்ணுள் இறங்கி வேரைச் சேரும். இலை நிற அட்டையைப் பார்த்துத் தேவைக்கேற்ப இடுவோர் பசளைச் செலவையும் குறைப்பர், நைதரசு ஒட்சைட்டையும் குறைப்பர்.

இம்முறை எல்லா வயலுக்கும் பொருந்தாது என்பதையும் கூறுதல் கடமை. மாரிப் போகத்திற் கார்த்திகை, மார்கழி மழை ஓயாது பெய்யும் பள்ள வயல்களில் நீரை வற்றச் செய்தல் இயலாது. அங்கே மழை விட்ட இடைவேளையில் ஒருமுறை வடிப்பதே போதும். வாவியோரத்து வயல்களில் நன்னீர் நிற்பதனாலேயே உவர் கீழே அடங்கியிருக்கும். அவற்றைக் காயவிட்டால் உவர் மேலேறும். மேலே கூறிய புளிப்பு மண்ணுக்கும் இது ஆகாது. கோடைப் போகத்திற் குளத்து நீர் பெறும் மேட்டு வட்டைகளே இதற்கு ஏற்றவை.

குளத்து நீர் முறைவைத்து விடப்படுவதால் ஒரு கமக்காரர் தனித்து இதனைச் செய்தல் கடினம். மேல்வாய்க்கால் வயல்காரர் நீரை மறித்துக் கட்டினாற் கடைமடை வயல் வாடும். ஆதலின் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலேயே கமக்காரர் அமைப்பு இதனைப் பேசி, நீர்விடும் முறையை அதற்கேற்ப ஒழுங்கு செய்தல் வேண்டும். மிஞ்சும் நீர் குளத்திலே இருக்கும். கோடையின் கடைசி வாரங்களில் அதன் அருமை தெரியும்.

வைக்கோலை எரித்தல் பணத்தை எரித்தலாகும்

களவெட்டியிற் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் ஓரிடத்திற் குவிந்தது. மாட்டுக்கும் கூரைக்கும் பயன்பட்டது. இன்று அறுவடை இயந்திரம் அதனை வயலெங்கும் வரிசையாகக் கொட்டிச் செல்கின்றது. அடுத்த போகத்திற்கு உழவு தடைப்படுமென எண்ணித் தீ வைப்பது பலரின் வழக்கம்.

ஒரு தொன் வைக்கோலில் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோ வரை பொற்றாசியமும் உண்டு. இரண்டு தொன் நெல் விளையும் ஏக்கரில் வைக்கோலும் ஏறத்தாழ இரண்டு தொன் கிடைக்கும். அதிலுள்ள பொற்றாசியம், கடையில் வாங்கும் பொற்றாசியப் பசளையில் ஏறத்தாழ ஒரு மூடைக்குச் சமம்; நைதரசன் 20 கிலோவிற்கு மேற்பட்ட யூரியாவுக்குச் சமம். தீ வைத்தால் நைதரசன் ஏறத்தாழ முழுவதும் காற்றோடு போகும். பொற்றாசியம் சாம்பலில் எஞ்சினும், காற்றும் முதல் மழையும் அதைக் கொண்டுசெல்லும். 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டபோது, வெறும் மண்ணை நம்பி நின்ற வயல்கள் எவ்வளவு விளைச்சலை இழந்தன என்பது கமக்காரர் மறந்திருக்க முடியாத செய்தி.

வைக்கோலை வயலில் இடுவதற்கும் காலம் உண்டு. விதைப்புக்குச் சற்றுமுன் பச்சையாகச் சேற்றில் அமிழ்த்தினால் அது நீருள் அழுகி, மெதேனைப் பெருக்கி, இளம்பயிரை மஞ்சளாக்கும். அறுவடை முடிந்தவுடன் பரப்பி, நிலம் ஈரலிப்பாய் இருக்கும்போதே மேலுழவு உழுதுவிட்டால், நீர் கட்டுமுன் அது காற்றுப்பட உக்கிவிடும். நீர் கட்டுவதற்கு 30 நாட்களுக்கு மேல் முன்னதாக இவ்வாறு இட்ட வைக்கோலின் தாக்கம், பிந்தி இட்டதன் ஐந்திலொரு பங்களவே என மேற்கூறிய குழு கணித்துள்ளது. கூட்டெருவாக்கி இட்டாலும் அவ்வாறே. நோய் கடுமையாகத் தாக்கிய வயலின் வைக்கோலை நேரே இடாது கூட்டெருவாக்குதல் பாதுகாப்பானது.

தோட்டத்தில்

எழுவான்கரையின் மணல் நிலத்தில் நீரும் பசளையும் நில்லா. அங்கே வைக்கோலுக்கு நல்ல விலையும் பயனும் உண்டு. கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை ஆகியவற்றின் அடியில் 2 முதல் 3 அங்குலத் தடிப்பில் வைக்கோலைப் பரப்பினால் வெயில் மண்ணைச் சுடாது, நீர் இறைக்கும் முறைகள் குறையும், களையும் குறையும். தண்டைத் தொடாது சற்று இடைவெளி விடுதல் வேண்டும். இல்லையேல் தண்டு அழுகும். நீர் இறைப்பதைக் குறைத்தால் நீர்ப்பம்பிக்கான எண்ணெயும் மின்சாரமும் மிஞ்சும். கிணற்றின் அடியிலுள்ள உவரும் கிளம்பாது. படுவான்கரை வயற்காரரும் எழுவான்கரைத் தோட்டக்காரரும் தமக்குள் ஒழுங்கு செய்துகொண்டால், தீக்கிரையாகும் வைக்கோல் இருவருக்கும் வருவாயாகும்.

வேலியில் கிளிறிசீடியா நட்டவர் மூன்று பயன் பெறுவர். தழை நைதரசன் மிகுந்த பசுந்தாட் பசளை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஓரளவு தீனி. தடி அடுப்புக்கு விறகு. 2005 ஆம் ஆண்டில் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றை அடுத்து நாலாவது பெருந்தோட்டப் பயிராக இது இலங்கையில் ஏற்கப்பட்டது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரமாதலின், இதன் விறகை எரிப்பதால் வெளிவரும் காபனை அடுத்த துளிரே மீட்டுக்கொள்ளும். கண்டல் விறகுக்கு இவ்வாறு கூறவியலாது.

வீட்டில்

2022 ஆம் ஆண்டில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காதபோது பல வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பின. கிராமப்புறத்தில் அது என்றும் அணையாத அடுப்பே. மூன்று கல்லை வைத்து எரிக்கும்போது தீயின் சூட்டிற் பெரும்பகுதி பானையைச் சேராது பக்கங்களில் வீணாகின்றது. முற்றாக எரியாத விறகு கரும்புகையாகின்றது. அப்புகை காற்றைச் சூடாக்குவதோடு, நாள்தோறும் அடுப்பருகே இருக்கும் பெண்களினதும் சிறுவரினதும் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கின்றது.

1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட "அனகி" அடுப்பு, குயவர் களிமண்ணால் வனைவது. ஒரே தீயில் முன் பானையும் பின் பானையும் ஒருங்கே வேகும். மூன்று கல் அடுப்பிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விறகு மிஞ்சும். இதனைச் சுற்றிக் களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசினால் சூடு மேலும் தங்கும். அடுப்பும் நெடுங்காலம் உழைக்கும். விறகை வெயிலில் நன்கு உலர்த்துதல், சிறு துண்டுகளாகப் பிளத்தல், பானையை மூடிச் சமைத்தல், பயறு கடலைகளை முன்னதாக ஊறவைத்தல், அடுப்பின் மேலே புகை போகவழி விடுதல் ஆகிய சிறு பழக்கங்களும் விறகைப் பெரிதும் மிச்சப்படுத்தும்.

மாட்டைத் தொழுவத்திற் கட்டி வளர்க்கும் வீடுகளிற் சாண எரிவாயுக் கலம் அமைக்கலாம். மூன்று நான்கு மாடுகளின் சாணம் ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்கு உதவும். கழிவுச் சாறு தோட்டத்திற்கு நல்ல எரு. வெளியே மேயவிடும் மாடுகளின் சாணம் கைக்கு எட்டாதாதலின், அத்தகையோர் இச்செலவில் இறங்கலாகாது.

கமக்காரர் கேட்கும் கேள்வி

காற்றை மாசுபடுத்தியவர் பெரிய நாட்டினரும் பெரிய தொழிற்சாலைக்காரருமே. வாவியோரத்துக் கமக்காரர் ஏன் சுமை தாங்க வேண்டும் எனச் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானது. உலகம் வெளிவிடும் வாயுக்களில் இலங்கையின் பங்கு மிகச் சிறிது. 2050 இற்குள் வெளிவிடும் காபனையும் உறிஞ்சும் காபனையும் சமமாக்குவதாக இலங்கை 2021 இல் உலகுக்குக் கூறியுள்ளது. அதற்காக ஏழைக் கமக்காரர் தம் விளைச்சலைத் தியாகஞ் செய்தல் முறையாகாது.

இங்கே கூறப்பட்டவை தியாகங்கள் அல்ல. கரையிற் கண்டல் நின்றால் வரம்பு நிற்கும். வயலை அளவறிந்து நனைத்தால் கடைமடைக்கும் நீர் எட்டும். வைக்கோல் மண்ணுக்குத் திரும்பினால் பசளைக் கடன் குறையும். அடுப்பு நன்கு எரிந்தால் விறகு தேடும் நடை குறையும். ஒவ்வொன்றும் கமக்காரரின் சொந்தக் கணக்கில் இலாபமாகவே பதியும். காற்றுக்குக் கிடைப்பது அதன்மேல் வரும் பயன். மாறாக, இவற்றைச் செய்யாது விட்டால் முதலில் நட்டமடைவோரும் தாழ்ந்த நிலத்துக் கமக்காரரே.

போகந்தோறும் கவனிக்க வேண்டியவை

மாரி வேளாண்மை வெட்டியவுடன்: வைக்கோலுக்குத் தீ வைக்காது பரப்புக, ஈரம் உள்ளபோதே மேலுழவு செய்க, தோட்டத்திற்கு வேண்டியதைக் கட்டி ஏற்றுக.

கோடைப் போக ஆரம்பக் கூட்டத்தில்: எந்த வட்டைகள் காயவிடும் முறைக்கு ஏற்றவை என்பதைத் தீர்மானிக்குக, முதலாண்டிற் சில வரவைகளில் மாத்திரம் குழாய் நாட்டி, விளைச்சலையும் நீரையும் மற்றைய வரவைகளோடு ஒப்பிடுக.

கோடையில்: விறகை உலர்த்திச் சேமிக்குக, அடுப்பைத் திருத்துக, அடைபட்ட வாவிக்கரை நீர்வழிகளைக் கிராமத்தார் கூடிப் பார்வையிடுக.

மாரி தொடங்குமுன்: வயல்களின் வடிகால்களைத் துப்புரவு செய்க; வேலிகளிற் கிளிறிசீடியாத் தடிகளை நடுக; கண்டற்கன்றுகளைச் சுற்றிக் கால்நடைக் காப்பு அமைக்குக.

மண்ணின் உவரையும் புளிப்பையும் பரிசோதிக்க விரும்புவோர், வயலின் நான்கைந்து இடங்களில் அரையடி ஆழத்து மண்ணை எடுத்து ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவினை வயலின் பெயரும் வட்டையின் பெயரும் எழுதிய பையிலிட்டு, தம் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைத்தல் வேண்டும். வாவியோர வயலுக்குக் காயவிடும் முறை பொருந்துமா என்பதை அப்பரிசோதனையின் பின்னரே முடிவு செய்க.